அக்காவின் இருமலும் முழுமனித நலத்துறையும்

எங்க கம்பெனிக்கு எங்க மேல பாசம் வந்த அன்னைக்குத்தான் எனக்கு நிஜமான பயம் வந்துச்சு. அதுக்கு முன்னாடி பயமே இல்லையான்னு கேட்டா, இருந்துச்சு. சூப்பர்வைசர் திட்டுவாரு, லேட்டா போனா கேட்டைச் சாத்திடுவாங்க. அதெல்லாம் சாதாரணப் பயம், சாப்பிட்டுப் படுத்தா காலையில போயிடும். பாசம் அப்படி இல்லைங்க. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையைச் சின்ன வயசுல கேட்டப்போ சிரிப்பா இருந்துச்சு. ஆடா நின்னு கேட்டுப் பாருங்க, அப்ப தெரியும்.

நாங்க மெத்தை செய்யறவங்க. ஒரே நீளமான ஹால். ஒரு கோடியில நானும் எங்கக்காவும் ஃபோம் மேல பசையை ஸ்ப்ரே பண்ணி, இன்னொரு ஃபோமை அதுமேல போட்டு அமுக்குவோம். நடுவுல ஃபோம் வெட்டறவரு, மீசைன்னு கூப்பிடுவோம். அந்தக் கோடியில கட்டில் சட்டத்துக்குத் துணியை இழுத்துப் பிடிச்சு துப்பாக்கி மாதிரி ஒரு கன்னால டப்டப்னு பின் அடிக்கிறவங்க. அவங்கள்ல மூத்தவருக்குத் தாளம்னு பேரு. அவர் பின் அடிச்சா பாட்டுக்கு அடிக்கிற மாதிரியே இருக்கும். எங்க ரெண்டு பேர் தலைக்கு மேல, சுவத்துல ஒரு பெரிய ஃபேன், பசை வாடையை வெளிய தள்றதுக்கு. அது போடற சத்தத்துல பக்கத்துல நிக்கிறவங்ககிட்டகூடக் கத்தித்தான் பேசணும். எனக்கு வாயாடின்னு பேர் வந்ததே அந்த ஃபேனாலதான்.

ஒருநாள் வேலையை நிறுத்தி எல்லாரையும் கூப்பிட்டாங்க. டைரக்டர் ஸ்டூல் மேல ஏறி நின்னாரு. குரல் தழுதழுத்துச்சு.

"இத்தனை வருஷமா ஒரு பெரிய தப்பு பண்ணிட்டோம். உங்க கையை மட்டும்தான் வேலைக்கு எடுத்துக்கிட்டோம். உங்க மனசு, உங்க தூக்கம், உங்க குடும்பம், உங்க கனவு எல்லாம் கேட்டுக்கு வெளியவே நின்னுக்கிட்டு இருந்துச்சு. இனிமே அப்படி இல்ல. முழு மனுஷனையும் எடுத்துக்கப் போறோம். ஒரு துண்டுகூட மிச்சம் வைக்க மாட்டோம்!"

கை தட்டினோம். "கசாப்புக் கடையிலகூடக் கொம்பை விட்டுடுவாங்கம்மா"ன்னு மீசை என் காதுல சொன்னாரு.

அன்னைக்கு வந்து சேர்ந்ததுதான் முழுமனித நலத்துறை. அதுக்கு அதிகாரியா ஒரு அம்மா. நாங்க வச்ச பேரு நலம்மா. கோபமே வராது. தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சு, தோள்ல கையை வச்சு, "சொல்லுங்கம்மா, நான் கேக்கறேன்"னு சொல்லுவாங்க. திட்டற சூப்பர்வைசர் பக்கத்துல நிக்கிறப்போ எனக்கு ஒண்ணும் ஆனதில்ல. அந்தம்மா கை தோள்ல பட்டாப் போதும், வேர்த்துக் கொட்டும்.

கேட்டுல ஒரு பலகை மாட்டினாங்க. அதுல மூணு மூஞ்சி. ஒண்ணு சிரிக்குது, ஒண்ணு சும்மா இருக்குது, ஒண்ணு அழுவுது. உள்ள வரப்போ மனசு எப்படி இருக்குன்னு ஒரு பொத்தானை அமுக்கணும். "தப்பான பதில்னு ஒண்ணு கிடையவே கிடையாது"ன்னாங்க நலம்மா. அப்படிச் சொன்னதுமே எங்களுக்குப் புரிஞ்சு போச்சு. அத்தனை பேரும் சிரிப்பையே அமுக்கினோம். தினமும் அத்தனை கட்டைவிரல் விழுந்தா எந்தப் பொத்தான் தாங்கும்? கொஞ்ச நாள்ல சிரிப்பு தேஞ்சு, சிக்க ஆரம்பிச்சுது. மத்த ரெண்டும் புதுசு கணக்கா மின்னுச்சு.

மீசைதான் முதல்ல மாட்டினாரு. சிரிப்பை அமுக்கினாரு, அமுங்கல. குத்தினாரு, அமுங்கல. பின்னாடி வரிசையில சத்தம் போடறாங்க. மனுஷன் பதட்டத்துல சும்மா இருக்கிற மூஞ்சியை அமுக்கிட்டாரு. அவர் தன் மெஷின்கிட்ட போய் நிக்கிறதுக்குள்ள நலம்மா வந்து தோள்ல கை வச்சுட்டாங்க.

"ஒரு அரை மனுஷனை வேலை செய்ய வைக்கிறது பாவம். வீட்டுக்குப் போங்க. முழுசா ஆனதும் வாங்க. நாங்க உங்களை ஆதரிக்கிறோம்."

"எப்ப முழுசாவேன் மேடம்?"

"அதை உங்க மனசே சொல்லும்."

சம்பளத்தை நினைச்சா ஓய்வு கெட்டுப் போயிடும்னு சம்பளத்தையும் நிறுத்திட்டாங்க. அந்த வாரமே மீசை கேட்டுல வந்து நின்னாரு. "மேடம், என் மனசு சொல்லிடுச்சு மேடம், நேத்தே சொல்லிடுச்சு"ன்னு கெஞ்சினாரு. நலம்மா கண்ணு கலங்கிடுச்சு. "இவ்வளவு அவசரப்படறீங்க பாருங்க, இதுதாங்க மன அழுத்தம்"னு சொல்லிக் கேட்டைச் சாத்தச் சொன்னாங்க. அவர் மெஷினுக்கு வேற ஆள் வந்தாச்சு. அதுலருந்து எங்க ஹால்ல யாருக்காவது யார் மேலயாவது ஆத்திரம் வந்தா, "உன்னை ஆதரிக்க!"ன்னுதான் திட்டுவோம்.

இதுவரைக்கும்கூடச் சமாளிச்சுட்டோம். அடுத்ததா மன அமைதி மாசம் வந்துச்சு. மன அமைதிக்கு முதல் எதிரி சத்தம்னு நலம்மா கண்டுபிடிச்சாங்க. ஹால்ல பெரிய சத்தம் எது? எங்க ஃபேன். டைரக்டரே வந்து, கேமராவைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டே ஸ்விட்சை அணைச்சாரு. கைதட்டல். அந்த ஓட்டையைப் பலகை வச்சு அடிச்சு, பலகை மேல நீல வானமும் வெள்ளை மேகமும் பெயிண்ட் பண்ணினாங்க. கீழ பெரிய எழுத்துல, 'ஆழ்ந்து மூச்சு விடு'. முன்னாடி ஃபேன் இறக்கைக்கு நடுவுல நிஜ வானமே துண்டு துண்டாத் தெரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

வாடை எங்க போகும்? ஹாலுக்குள்ளேயே சுத்துச்சு. நான் எலக்ட்ரீஷியனைப் பிடிச்சேன். "அண்ணே, அந்த ஃபேனை மட்டும் போட்டு விட்டுடுங்கண்ணே."

"என் கையில இல்லம்மா. காத்து நலத்துறைக்குப் போயிடுச்சு. எனக்கு மெஷின் மட்டும்தான்."

"ஃபேனும் மெஷின்தானேண்ணே?"

"மெஷின்தான். ஆனா காத்து விடுதுல்ல?" அவருக்கே வெக்கமா இருந்துச்சு, தலையைச் சொறிஞ்சுக்கிட்டுப் போயிட்டாரு.

நலம்மாகிட்டயே போனேன். வாடை தாங்க முடியல மேடம்னேன். "வாடை ஒரு அனுபவம்மா. அதை நீங்க எப்படி எடுத்துக்கறீங்கங்கறதுதான் முக்கியம்"னாங்க. சரி, மூக்குல துணியாவது கட்டிக்கறோம்னு கேட்டேன். "துணி கட்டினா உங்க புன்னகை மத்தவங்களுக்குத் தெரியாதே?"ன்னு கேட்டு, என் தாடையைச் செல்லமாத் தட்டினாங்க.

அப்பதான் அக்காவுக்கு இருமல் வந்துச்சு.

முதல்ல லேசா. அப்புறம் அடிவயித்துலருந்து. என்ன கொடுமைன்னா, ஃபேன் ஓடியிருந்தா இருமலே வந்திருக்காது. வந்திருந்தாலும் அந்தச் சத்தத்துல யாருக்கும் கேட்டிருக்காது. இப்ப பின் அடிக்கிறது ஓயற நேரத்துல ஹால் மயானம் மாதிரி அமைதி. ஒரு செருமல் செருமினாக்கூட இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கேக்குது. கேட்டா ஆதரிச்சுடுவாங்க. எங்க வீடு ஓடறது எங்க ரெண்டு பேர் சம்பளத்துல. அக்கா வீட்டுக்காரர் வேலைக்குப் போன இடத்துலருந்து போன்தான் வருது, வேற ஒண்ணும் வரல. அக்கா பொண்ணு இன்னும் ஸ்கூல்ல. அக்கா பாவம், திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி வாயைப் பொத்திக்கிட்டுத் துடிப்பா. கழுத்து நரம்பு புடைச்சு, கண்ணுல தண்ணி நிக்கும்.

தாளம்தான் வழி பண்ணினாரு. "இருமல் வரப்போ இடது காதைத் தொடும்மா. மீதியை நான் பாத்துக்கறேன்." அவ்வளவுதான். அக்கா காதைத் தொடுவா, அந்தக் கோடியில அத்தனை கன்னும் டப்டப்டப்னு வெடிக்கும். அக்கா நிம்மதியா இருமிக்குவா. கையளவு இடத்துல எத்தனை பின்னு நினைக்கிறீங்க? சில கட்டிலை ரெண்டு ஆள் சேர்ந்தாலும் தூக்க முடியல. மாடி ரூம்லருந்து ஸ்பீக்கர்ல நலம்மா குரல் கேட்டுச்சு: "பின் அடிக்கிற பிரிவுல உற்சாகம் பொங்கி வழியுது! மத்தவங்களும் கத்துக்கணும்!" தாளத்துக்கு உற்சாக பேட்ஜ் குத்தினாங்க. அவர் அதை அக்காகிட்ட காட்டி, "உன் இருமல் புண்ணியம்"னாரு. அக்கா சிரிச்சா. சிரிச்சதும் இருமல் வந்துச்சு. காதைத் தொட்டா.

தினமும் பத்து மணிக்கு மூச்சுப் பயிற்சி வேற. ஸ்பீக்கர்லருந்து தேன் ஒழுகும். "கண்ணை மூடுங்க. ஆழமா, நல்லா ஆழமா இழுங்க. உள்ளயே பிடிச்சு வைங்க. இன்னும் கொஞ்சம்..." பசை வாடையை நுரையீரல் நிறைய வாங்கி, பத்திரமா உள்ள வச்சுக்கிட்டு நிப்போம். நீங்களும் கீழ வந்து எங்களோட செய்யலாமே மேடம்னு யாரோ கேட்டதுக்கு, நலம்மா ஒளிக்காம உண்மையைச் சொன்னாங்க. "எனக்கு அங்க ஒத்துக்காதும்மா. அந்த வாடையில என்னால மூச்சே விட முடியாது."

இப்படி இருக்கிறப்போதான் அந்த விருது வந்துச்சு. நலமான தொழிலகத்துக்கு விருதாம். நடுவர்கள் நேர்ல வந்து பாப்பாங்களாம், எங்க ஹாலுக்கே. ஒரு நிமிஷம் முழு அமைதி, அப்புறம் மூச்சுப் பயிற்சி, இதை அவங்க பக்கத்துல நின்னு பாப்பாங்களாம். அமைதி கெடக் கூடாதுன்னு முந்தின நாளே பின் அடிக்கிற கன்னையெல்லாம் வாங்கிப் பூட்டி வச்சுட்டாங்க. தாளம் வெறுங்கையோட எங்களைப் பாத்தாரு. அந்த மூஞ்சியை இன்னைக்கும் என்னால மறக்க முடியல.

அன்னைக்கு வரிசையில நிக்கிறப்போ அக்கா என் விரலைப் பிடிச்சா. "வந்துட்டா என்னடி பண்றது?"

"வராதுக்கா."

"வந்துட்டா?"

"நான் இருக்கேன்ல. சும்மா இரு."

சொல்லிட்டேனே தவிர, என்ன பண்ணப் போறேன்னு எனக்கே தெரியாது.

மூணு நடுவர்கள் வந்தாங்க. பெரியவரு கண்ணாடி போட்டிருந்தாரு. டைரக்டர் வழிநெடுக வாய் ஓயாமப் பேசிக்கிட்டே வந்தாரு. "எங்க தொழிலாளிங்கள்ல ஒருத்தர்கூட உடம்பு சரியில்லைன்னு சொன்னது கிடையாதுங்க. சொன்னவங்க யாரும் இப்ப இங்க இல்லைங்க." பெரியவரு பிரமாதம்னு தலையாட்டினாரு. நலம்மாவும் வேற வழியில்லாம கீழ இறங்கி வந்து, கைக்குட்டையை மூக்குகிட்ட வச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க.

முழு அமைதி ஆரம்பிச்சுது. எனக்கு என் நெஞ்சு அடிச்சுக்கிறது கேக்குது. ஓரக்கண்ணால பாக்கறேன், அக்கா இடது காதைத் தொட்டுட்டா. பழக்கதோஷம். தொட்டு என்ன பிரயோஜனம்? உதட்டைக் கடிச்சா, ரத்தம் வந்துச்சு. தோள் ரெண்டும் குலுங்குது. இன்னொரு விநாடி போனா அவ கதை முடிஞ்சுது. கடவுளேன்னு கண்ணை மூடினேன். வாயைத் திறந்து நான் இருமினேன்.

பொய் இருமல்தான். ஆனா ஃபேனை எதிர்த்துக் கத்திப் பழகின தொண்டை, ஹாலே அதிர்ந்துச்சு. கூடவே அக்கா வெடிச்சா. என்ன நடக்குதுன்னு தாளத்துக்குப் புரிஞ்சுது, அவரும் இருமினாரு. அவருக்குப் பின்னாடி அந்தக் கோடியே இருமுச்சு. அப்புறம் யார் பொய், யார் நிஜம்னு யார் கண்டா? அத்தனை பேர் இருமினதுல திடுக்கிட்டு, நடுவர்கள் பசை வாடையை ஆழமா இழுத்துட்டாங்க. அவங்களும் இரும, டைரக்டர் இரும, நலம்மா ஒரு மெத்தையைப் பிடிச்சுக்கிட்டு குனிஞ்சு இரும... அவங்க இருமினது சுத்தமான நிஜம்.

ஒருவழியா எல்லாருக்கும் ஓஞ்சுது. செத்தோம்னு நினைச்சேன். நலம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டு நிமிர்ந்தாங்க. அந்தம்மாவுக்கும் வேலை போயிடுமேங்கிற பயம் அந்தக் கண்ணுல தெரிஞ்சுது, நான் பொய் சொல்லல. "இதுதான்... இதுதாங்க எங்க புதுத் திட்டம். மனசுல அடைஞ்சு கிடக்கிற எல்லாத்தையும் வெளிய தள்ற பயிற்சி."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழட்டினாரு. "என் வாழ்க்கையில நான் இவ்வளவு மனசு விட்டு இருமினதே இல்ல"ன்னாரு.

தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. விருது எங்களுக்குத்தான். அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, அந்த நீல வானத்துக்கு மேலேயே ஆணி அடிச்சு மாட்டினாங்க. மறுநாள்லருந்து பத்து மணிக்கு மூச்சுப் பயிற்சி கிடையாது, எல்லாரும் கட்டாயம் இருமணும். இருமத் தெரியாதவங்களுக்கு எப்படிக் கத்துக்குடுக்கிறது? நலம்மா அக்காவைத் தேடி வந்தாங்க. "அன்னைக்கு உங்க இருமல் எங்கேயோ ஆழத்துலருந்து வந்துச்சும்மா. நான் கவனிச்சேன். இதெல்லாம் சொல்லிக்குடுத்து வராது. நீங்கதான் எல்லாருக்கும் முன்மாதிரி."

அக்காவை மாடிக்கு எடுத்துக்கிட்டாங்க. ஏசி ரூம், பெரிய ஜன்னல், கையில மைக். பத்து மணிக்கு அவ இருமணும், கீழ நாங்க பின்னாலயே இருமணும். அவ்வளவுதான் வேலை. பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி இருந்துச்சு எனக்கு. அக்கா சோறு நிறையச் சாப்பிட ஆரம்பிச்சா. படி ஏறினா மூச்சு வாங்கல. கன்னத்துல சதை பிடிச்சுது. ஸ்பீக்கர்ல அவ இருமல் நாளுக்கு நாள் மெலிஞ்சுக்கிட்டே வர்றதைக் கேட்டு, கீழ பசை அடிச்சுக்கிட்டே நான் சந்தோஷப்பட்டேன். மடச்சி நான்.

ஒருநாள் அக்கா மைக் முன்னாடி நின்னா, இருமலே வரல. நலம்மா தலையைச் சாய்ச்சு, தோள்ல கை வச்சாங்க. "என்னம்மா, ஈடுபாடு குறையுதே?"

"மேல வந்ததுலருந்து குறைஞ்சு குறைஞ்சு நின்னுடுச்சு மேடம். இங்க காத்து நல்லா இருக்குல்ல, அதான்."

நலம்மா ரொம்ப நேரம் யோசிச்சாங்களாம். "அப்ப பிரச்சினை காத்துலதான் இருக்கு"ன்னாங்களாம். புரிஞ்சுடுச்சு, கடைசியில இந்தம்மாவுக்குப் புரிஞ்சே போச்சு, ஃபேனைப் போடப் போறாங்கன்னு அக்கா நினைச்சாளாம்.

"மேல காத்து உங்களுக்கு ஒத்துக்கலம்மா. கீழ இருந்தப்போ எவ்வளவு நல்லா இருமினீங்க! பழைய இடத்துலயே கொஞ்ச நாள் இருங்க. இருமல் திரும்பி வந்ததும் கூப்பிட்டுக்கறேன். அனுப்பறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் டைம் தரேன், இங்கயே முயற்சி பண்ணிப் பாருங்க."

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அக்கா செருப்பைக்கூடக் கழட்டல. "எனக்கு இருமக் கத்துக்குடுடி. பொய்யா இருமறதுல நீதானே கெட்டிக்காரி."

"இருமலை மறைக்கப் பட்ட பாடு போதாதுன்னு இப்ப வரவைக்கப் பாடு படணுமா? நல்லா இருக்குக்கா நம்ம பொழப்பு"ன்னு சிரிச்சுக்கிட்டே, "இங்க பாரு, வயித்தை எக்கணும், தோளை இப்படித் தூக்கணும்"னு இருமிக் காட்டினேன்.

அக்கா கை தட்டிச் சிரிச்சா. "அப்படியே நிஜம் மாதிரியே இருக்குடி!"

நிறுத்தலாம்னு பாத்தேன். நிக்கல. சுவத்தைப் பிடிச்சேன், நிக்கல. கண்ணுல தண்ணி கொட்டுது, குடல் வாய்க்கு வருது. அக்கா சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. கிட்ட வந்து முதுகைத் தடவினா.

"எத்தனை நாளாடி இது?"

நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுத் தண்ணி குடிச்சேன். அக்காவே முடிவு பண்ணிட்டா. "நாளைக்கு நான் கீழ போறேன். நீ மேல போ. உன் இருமலைக் கேட்டா அந்தம்மா உடனே எடுத்துக்குவாங்க."

"நீ திரும்ப அங்க போனா செத்துடுவக்கா!"

"வாயை மூடுடி வாயாடி. உனக்குச் சரியானதும் நீ கீழ வா, நான் மேல வரேன். முறை வச்சு மூச்சு விடுவோம். வேற என்ன பண்ணச் சொல்ற?"

மறுநாள் அக்கா தன் இடத்தை எனக்கு விட்டுக்குடுக்க, நலம்மா என் இருமலைக் கேட்டுப் பூரிச்சுப் போனாங்க. "அக்கா தங்கச்சிக்குள்ள இவ்வளவு பாசமா! இதுக்குப் பேருதாம்மா முழுமனித நலம்"னு டைரக்டரைக் கூப்பிட்டுச் சொன்னாங்க.

மாடி ஜன்னல்ல நிஜ வானம் தெரியுது. பத்து மணிக்கு மைக்குல இருமுவேன். முடிச்சதும் தரையில காதை வச்சுக் கேப்பேன். கீழ எல்லாரும் இருமறாங்க. அத்தனை இருமல்ல எங்கக்கா இருமல் எதுன்னு எனக்குத் தெரியும். முதல்ல பொய்யாத்தான் இருந்துச்சு. இன்னைக்கும் பொய்தான், இன்னைக்கும் பொய்தான்னு தினமும் தரையை விட்டு எந்திரிப்பேன். நேத்து கேட்டது பொய் இல்ல.

எனக்கு இன்னும் சரியாகல. நெஞ்சுக்குள்ள கொதிச்சுக்கிட்டேதான் இருக்கு. ஆனாலும் நேரா நலம்மா ரூமுக்குப் போனேன். கன்னத்தை உள்பக்கமாக் கடிச்சுக்கிட்டேன். காதைத் தொடலாம்னு கை போச்சு, இழுத்துக்கிட்டேன்.

"மேடம், எனக்கு இருமல் நின்னுடுச்சு மேடம். அக்காவையே மேல கூப்பிட்டுக்கோங்க."

நலம்மா பதறிப்போய் நாற்காலியை விட்டு எந்திரிச்சு ஓடி வந்தாங்க. இந்தக் கம்பெனியில சேர்ந்த நாள்லருந்து யாருமே என்கிட்ட கேக்காததை, என் ரெண்டு தோளையும் பிடிச்சுக்கிட்டுக் கேட்டாங்க.

"ஐயையோ, நல்லாத்தானேம்மா இருந்தீங்க? என்னம்மா ஆச்சு உங்களுக்கு?"